வளரும் கோழிகளுக்கு இறுங்கும் குரக்கனும் குறுணலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காலபோக அறுவடை முடிந்து, மாசி பங்குனி மாதங்களில் எங்கள் பகுதி அரிசி ஆலைகளின் வாசலில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காண்கிறேன். குற்றிய அரிசி ஒரு பக்கம் அடுக்கப்பட, மறுபக்கம் தவிடும் குறுணலும் மூடை மூடையாகக் கட்டப்பட்டு வெளிமாவட்ட வியாபாரிகளின் லொறிகளில் ஏறுகின்றன. சில நாட்கள் கழித்து அதே வீதியால் வரும் இன்னொரு லொறி கோழித்தீன் மூடைகளைக் கடைகளில் இறக்கிவிட்டுப் போகிறது. தீனுக்குள் இருப்பவற்றில் தவிடும் ஒன்று என்பதை மூடையின் வாயைத் திறந்து கையில் அள்ளிப் பார்க்கும் எவரும் அறிவர். எங்கள் முற்றத்திலிருந்து மலிவாகப் போன பொருளை ஏற்றுகூலி, இறக்குகூலி, இலாபம் எல்லாம் சேர்த்து நாங்களே திரும்ப வாங்குகிறோம். 2010 இல் மீள்குடியேறிய காலம் முதல் முல்லைத்தீவு மாவட்டத்தில் சிறிய அளவில் முட்டைக் கோழிகளும் ஊர்க்கோழிகளும் வளர்த்துவரும் ஒருத்தி என்ற முறையில், இந்த நிலையை ஓரளவேனும் மாற்ற முடியும் என்று நம்புகிறேன். எந்தப் பருவத்தில், எந்தத் தானியத்தால், எவ்வளவுக்கு மாற்றலாம் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களுக்கும் பொறுப்பானவர்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கடையில் விற்கும் கோழித்தீனில் ஏறத்தாழப் பாதி சோளம் (மக்காச்சோளம்). அந்தச் சோளம் பெரும்பாலும் அநுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வருகிறது. போதாததற்கு வெளிநாட்டிலிருந்து இறக்கப்படுகிறது. 2018, 2019 காலபோகத்தில் படைப்புழு சோளச் செய்கையைத் தாக்கியபோதும், 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022 இல் டொலர் இல்லாமல் நாடே தடுமாறியபோதும் அடி விழுந்தது சோளத்தின் மீது. சோளத்தின் வழியாக அது எங்கள் கூடுகளுக்கு வந்தது. எங்கள் ஊரில் 2022 இல் தீன் வாங்க வழியின்றிக் கோழிகளை இறைச்சிக்கு விற்றுவிட்டு வெறுங்கூட்டைப் பூட்டிய பெண்கள் பலர். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்ததற்கு, கோழிக்குப் போட ஒன்றும் இல்லாமற் போனதும் ஒரு முக்கிய காரணம். பல மாவட்டங்களின் கோழி வளர்ப்பு ஒரே தானியத்தில் தொங்கிக்கொண்டிருப்பது நல்லதல்ல என்பதை அந்த ஆண்டு எங்களுக்குப் பட்டறிவாகவே தந்தது.

மாற்றுத் தானியம் என்றதும் ஒரு நாட்குஞ்சு முதல் முட்டையிடும் கோழி வரை எல்லாவற்றிற்கும் ஒரே கலவையைப் போட முற்படுவோர் உண்டு. அது தவறு. பிறந்து எட்டு வாரம் வரையான குஞ்சுக்கு நூற்றுக்கு 20 அளவில் புரதம் வேண்டும். அதன் குடல் இளசு. நாரையும் துவர்ப்பையும் அது தாங்காது. அந்தப் பருவத்தில் நல்ல குஞ்சுத்தீனை வாங்கிக் கொடுப்பதே சிக்கனம். முட்டையிடத் தொடங்கிய கோழியிலும் தீனில் கை வைத்தால் அடுத்த வாரமே முட்டை குறையும். எட்டாம் வாரத்திற்கும் பதினெட்டாம் வாரத்திற்கும் இடைப்பட்ட வளரும் பருவம் அப்படியல்ல. அப்போது 15 முதல் 16 வீதப் புரதம் போதும். குடல் பலப்பட்டு நாரைத் தாங்குகிறது. கல்லை விழுங்கி முழுத் தானியத்தையும் அரைக்கப் பழகுகிறது. இறைச்சிக் கோழியைப் போல வேகமாகக் கொழுக்க வைக்க வேண்டிய தேவையும் இல்லை. கொழுத்த பேடு பின்னர் முட்டையிடச் சிரமப்படும் என்பதால் மிதமாக வளர்வதே விரும்பத்தக்கது. ஆகவே வன்னியின் தானியங்களுக்குக் கூட்டில் இடம் கொடுப்பதானால் இந்தப் பத்து வாரங்களில்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் ஒரு கலப்பின முட்டைக்கோழி நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை தின்கிறது. நூறு கோழிகளுக்குப் பத்து வாரங்களில் ஏறக்குறைய 450 கிலோ, அதாவது 50 கிலோ மூடைகள் ஒன்பது தேவைப்படுகின்றன. ஒரு முட்டையும் தராத, கையிலிருந்து காசு மட்டும் போகும் காலம் இது. கடன் வாங்கிக் கோழி தொடங்கிய குடும்பங்கள் இடையில் கைவிடுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

இனித் தானியங்களுக்கு வருகிறேன். முதலில் இறுங்கு, தமிழகத்தில் சோளம் என்று சொல்லப்படும் தானியம். மழையை மட்டும் நம்பிய மேட்டுக்காணியிலும் சேனையிலும் விளையக்கூடியது. வரட்சியைச் சோளத்தை விட நன்றாகத் தாங்கும். சோளத்தில் 8 அல்லது 9 வீதப் புரதம் என்றால் இறுங்கில் ஏறக்குறைய 10 வீதம் உண்டு. சக்தியில் சோளத்திற்குச் சற்றே பின்தங்கி நிற்கிறது. அதன் குறை தனின் எனப்படும் துவர்ப்புப் பொருள். கபில நிற இறுங்கு வகைகளில் அது கூடுதலாக இருப்பதால் கிளியும் குருவியும் அவற்றை அவ்வளவாக நாடுவதில்லை. கமக்காரருக்கு அது வசதிதான், ஆனால் அதே துவர்ப்பு கோழியின் வயிற்றுக்குள் புரதத்தைப் பிடித்து வைத்துச் சமிக்க விடாமற் செய்கிறது. நான் கோழிக்கு இறுங்கு வாங்கும்போது நாலு மணியை வாயில் போட்டு மென்று பார்ப்பேன். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல நாக்கு இழுத்துப் பிடித்தால் அந்த இறுங்கை அப்படியே கொடுப்பதில்லை. விறகுச் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் நன்றாகக் கழுவிப் படங்கில் காயவைத்தால் துவர்ப்பு வெகுவாகக் குறையும். துவர்ப்பில்லாத வெள்ளை இறுங்கு கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம். சோளம் இருந்த இடத்தில் அதை அப்படியே வைக்கலாம். ஆனால் மஞ்சட் சோளத்தில் உள்ள நிறப்பொருளும் உயிர்ச்சத்து ஏ ஆகும் பொருளும் இறுங்கில் இல்லை. அந்தக் குறையை முருங்கை இலையும் அகத்தி இலையும் தீர்க்கும். இரண்டும் இல்லாத வளவு வன்னியில் அரிது.

குரக்கனை (கேழ்வரகை) பற்றி நீட்டத் தேவையில்லை. புரதம் 7, 8 வீதம்தான். சக்தியும் சோளத்தை விடக் குறைவு. மனிதருக்கு நல்ல விலை போகும் தானியம் என்பதால் தூற்றி எடுக்கும்போது கழிபடும் சிறுமணிகளையே கோழிக்கு ஒதுக்கலாம். மற்றத் தானியங்களில் இல்லாத அளவு கல்சியம் அதில் இருப்பது வளரும் எலும்புக்கு நல்லது. பத்தில் ஒரு பங்கு சேர்ப்பது என் வழக்கம்.

குறுணல் என்பது உடைந்த அரிசியே என்பதால் சக்தியில் சோளத்திற்கு அருகில் நிற்கிறது. நார் மிகக் குறைவு. கோழியும் விரும்பித் தின்னும். எங்கள் வீடுகளில் குறுணற் கஞ்சி குடித்து நாட்களைக் கடத்திய காலத்தை மறக்கவில்லை. மனிதர் உண்ணக்கூடிய சுத்தமான குறுணலைக் கோழிக்குப் போடச் சொல்லி எனக்கு எழுத மனம் வராது. நான் சொல்வது ஆலையில் கல்லும் கறுப்பு அரிசியும் நெல்லும் கலந்து கடைசியாகத் தேங்கும் குறுணலையே.

தவிட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிக அதிகமாக ஏமாறுவது தவிட்டில்தான். நல்ல தவிட்டில் 12 வீதப் புரதமும் அதே அளவு அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணெயும் இருக்கும். அந்த எண்ணெய்தான் அதன் பலம், அதுவே அதன் பலவீனமும். பச்சையரிசித் தவிடு, தீட்டப்பட்ட நேரத்திலிருந்தே காறத் தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரம் சாக்கில் கிடந்தால் மூக்கை உறுத்தும் ஒரு கசப்பு மணம் வரும், கோழி முகர்ந்துவிட்டுப் போய்விடும். புழுங்கல் நெல்லின் தவிடு, அவிக்கும்போது பட்ட சூட்டினால், கூடிய காலம் கெடாமல் இருக்கும். நாம் புழுங்கலரிசி உண்ணும் மக்கள் என்பதால் இந்த நல்ல தவிடு நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. ஆனால் சில இடங்களில் உமியை அரைத்துத் தவிட்டுடன் கலந்து விற்கிறார்கள். உமியில் கோழிக்குப் பயன்படுவது எதுவுமில்லை. மணலின் சாரம்தான் அதில் அதிகம். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு பிடி தவிட்டைத் தூவிப் பார்த்தால் உமி மேலே மிதந்து நிற்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் நல்ல தவிடு எண்ணெய்ப் பிடிப்போடு உருண்டையாக நிற்கும். உமி கலந்தது பொலபொலவென்று உதிரும்.

தானியம் எதுவாயினும் ஈரத்தோடு கட்டினால் நஞ்சாகும். 2022 இல் வேறு வழியின்றி ஒரு வியாபாரியிடம் மலிவாகச் சோளம் இரண்டு மூடை வாங்கினேன். மேலே நன்றாக இருந்தது. மூடையின் நடுவில் கையை விட்டபோது சூடு தெரிந்தது. மணிகளின் முளைப்பக்கத்தில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம். வெயிலில் காயவைத்து, புடைத்து, அரைத்துக் கொடுத்துவிட்டேன். காய்ந்ததும் பூஞ்சணம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அது விட்டுச்செல்லும் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சு வெயிலுக்கோ அடுப்புச் சூட்டுக்கோ போகாது என்பதை அப்போது அறியவில்லை. மூன்றாம் வாரத்தில் கோழிகள் கொண்டை வெளுத்துக் குறண்டி நின்றன. 64 இல் 23 செத்தன. அறுத்துப் பார்த்த கால்நடை வைத்தியர் மஞ்சளாய் வீங்கி, தொட்டால் நொறுங்கும் ஈரலைக் காட்டினார். அன்றிலிருந்து, பல்லால் கடித்தால் ‘கடுக்’ என்று முறியாத தானியத்தை நான் கட்டி வைப்பதில்லை. ஈரம் 13 வீதத்திற்கு மேற்படக் கூடாது என்பது அளவுகோல். ஈரமானி இல்லாத வீட்டில் பல்தான் அளவுகோல். கச்சான் (நிலக்கடலை) பிண்ணாக்கையும் இதே காரணத்தால் மிகுந்த எச்சரிக்கையோடு வாங்க வேண்டும்.

தானியத்தை மட்டும் போட்டுக் கோழி வளராது. 2012 இல் நான் செய்த முதற் பிழை அதுதான். இறுங்கும் குறுணலும் தவிடும் தாராளமாகப் போட்டேன். குஞ்சுகள் வயிறு நிறையத் தின்றன. பன்னிரண்டாம் வாரத்தில் தொங்கு தராசில் நிறுத்தபோது இருக்க வேண்டிய நிறையில் முக்காற் பங்குதான் இருந்தன. ஒன்றின் வால் இறகை மற்றது பிடுங்கித் தின்றது. தானியப் புரதத்தில் லைசின், மெதியோனின் என்ற இரண்டு புரதக் கூறுகளும் குறைவு என்பதால் உடம்பும் இறகும் கட்டுப்பட்டுப்போயின. அந்தக் குறையைத் தீர்ப்பவையும் எங்கள் பகுதியிலேயே உண்டு. வன்னியில் எள்ளு விளையாத மேட்டுக்காணி குறைவு. செக்கில் ஆட்டிய எள்ளுப் பிண்ணாக்கில் மெதியோனின் நிறைவாக உண்டு. ஆனால் லைசின் குறைவு. அதை மீனும் சோயாவும் ஈடுசெய்யும். முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் வலையில் கழிபடும் சிறுமீனை உப்பிடாமல் காயவைத்து இடித்தால் போதும். உப்பிட்ட கருவாட்டை இடித்துப் போடுவது ஆபத்து. கோழி ஓயாமல் தண்ணீர் குடித்துக் கழியும், உப்பு மிகுந்தால் செத்தும் போகும். சோயாவைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. வறுத்ததோ எண்ணெய் எடுத்த பிண்ணாக்கோதான் கொடுக்கலாம்.

பல முறை நிறுத்துப் பார்த்துத் திருத்தியதில், ஒன்பதாம் வாரத்திற்குப் பின் நான் இப்போது 100 கிலோவுக்குப் போடும் கணக்கு இது: துவர்ப்பற்ற இறுங்கு 30 கிலோ, குறுணல் 20, புழுங்கல் தவிடு 18, குரக்கன் 10, எள்ளுப் பிண்ணாக்கு 6, தேங்காய்ப் பிண்ணாக்கு 5, சோயாப் பிண்ணாக்கு 5, உப்பில்லாத மீன் தூள் 4, சிப்பித் தூள் ஒன்றரைக் கிலோ, உப்பு கால் கிலோ, கடையில் வாங்கும் உயிர்ச்சத்துக் கனியுப்புக் கலவை கால் கிலோ. கூட்டிப் பார்த்தால் புரதம் 15 வீதத்தை ஒட்டி வருகிறது. ஒன்பது மூடையில் ஏழு மூடை அளவு எங்கள் தானியமும் தவிடுமே. அதற்குத் தேவைப்பட்ட இறுங்கு 135 கிலோவை என் காணியின் கால் ஏக்கரில் எடுத்தேன். விலைகளை நான் எழுதவில்லை, இந்தக் கடிதம் அச்சேறும் முன்பே அவை மாறிவிடும். ஆனால் சோயாவும் உயிர்ச்சத்தும் தவிர மற்றவற்றிற்காக நான் கடைக்குப் போவதில்லை. சென்ற தொகுதிப் பேடுகள் பதினாறாம் வாரத்தில் 1.4 கிலோவை எட்டின. மூடைத்தீன் தின்றவற்றை விட ஒரு வாரம் பிந்தியே முதல் முட்டையிட்டன; அதில் எனக்கு மனக்குறை இல்லை.

சில நுணுக்கங்களைக் கவனிக்காவிட்டால் மேற்சொன்ன கணக்கு பயன் தராது. தானியத்தை மாவாக அரைக்கக் கூடாது. என் பக்கத்து வீட்டுப் பிள்ளை மிளகாய்த் தூள் அரைக்கும் மில்லில் இறுங்கைக் கொடுத்து மாவாக அரைத்து வந்தார். கோழியின் அலகில் அது களிபோல அப்பிக்கொண்டது, தண்ணீர்ப் பாத்திரம் முழுவதும் கூழாயிற்று. ஒரு மணி இரண்டு மூன்றாக உடைந்தால் போதும். உடைக்க வசதி இல்லாதவர் பத்தாம் வாரத்திற்குப் பின் ஒரு பங்கை முழு மணியாகவே மாலையில் தூவலாம். ஆனால் கூட்டுக்குள் அடைத்து வளர்ப்பவர் பருமணலும் சிறு பரலும் ஒரு சிரட்டையில் வைக்க வேண்டும், ஏனெனில் பல் இல்லாத கோழிக்கு இரைப்பையில் உள்ள கல்தான் அரைக்கிறது. பழைய தீனிலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாற்றாமல் ஏழு, பத்து நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டி மாற்ற வேண்டும். எங்கள் தாய்மார் பழம்பானைக்குள் வைக்கோலும் ஈரச் சாணமும் அடைத்துப் புற்றருகே கவிழ்த்து வைத்து, மறுநாட் காலையில் அதில் ஏறிய கறையானைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிடுவார்கள். அதைவிடச் சிறந்த புரதத்தை நான் எந்த மூடையிலும் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீன் மிஞ்சியிருக்கிறதே என்று முட்டைக் கோழியின் தீனை வளரும் கோழிக்குப் போடுவது எங்கள் ஊர்களில் பரவலாக நடக்கிறது. முட்டை ஓட்டுக்காக அந்தத் தீனில் மூன்றரை, நான்கு வீதம் கல்சியம் சேர்க்கப்பட்டிருக்கிறது. வளரும் கோழிக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு வீதம் மட்டுமே. மிஞ்சிய கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுத்து, ஈரலின் மேலும் இருதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படியச் செய்கிறது. அது நோயென்று எண்ணி மருந்து வாங்கிக் கொடுத்துக் காசைக் கரைத்தவர்களை நான் அறிவேன்.

பொறுப்பானவர்களிடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. வாழ்வாதார உதவியாகக் கோழிக் குஞ்சு கொடுக்கும்போது ஒரு மூடைத் தீனையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மூடை முடிந்ததும் அந்தக் குடும்பம் தனித்து விடப்படுகிறது. மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், எங்கள் மாவட்டங்களில் கிடைக்கும் தானியங்களைக் கொண்டு, பருவத்திற்கு ஒன்றாகச் சில கலவைக் கணக்குகளைப் பரிசோதித்துத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் குஞ்சோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் கணக்கு ஒரு வளர்ப்பாளரின் கைக்கணக்கு. அது ஆய்வுகூடத்தில் திருத்தப்படுமானால் எனக்கு மகிழ்ச்சியே. விவசாயத் திணைக்களம் துவர்ப்புக் குறைந்த இறுங்கு விதையைக் கமநல சேவை நிலையங்களில் ஐப்பசி மழைக்கு முன்னரே கிடைக்கச் செய்ய வேண்டும். மார்கழியில் வந்த விதையால் யாருக்கும் பயனில்லை. ஒட்டுசுட்டான், மல்லாவி, தருமபுரம், நெடுங்கேணி போன்ற இடங்களில் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் தானியம் உடைக்கும் இயந்திரம் ஒன்றையும் ஓர் ஈரமானியையும் வைத்து, அறுவடைக் காலத்தில் தவிட்டையும் கழிவுக் குறுணலையும் ஆலைகளிடமிருந்து வாங்கி அங்கத்தவர்களுக்கு விற்குமானால், லொறியில் ஏறும் மூடைகளில் பாதியாவது இங்கே தங்கும்.

அடுத்த காலபோகத்திற்குக் காணி பண்படுத்தத் தொடங்கும் முன் இவற்றில் ஒன்றாவது நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இறுங்கு விதை என்னிடம் எட்டுக் கொத்து அளவில் மிஞ்சியிருக்கிறது. அயலில் விதைக்க விரும்புவோருக்கு அதைப் பகிர்ந்து கொடுத்து வருகிறேன்.

இங்ஙனம்,
கோழி வளர்ப்பாளர் ஒருவர்,
முள்ளியவளை.